முதலில் பெட்டியைத் தேடுங்கள்: ஊர் மகளிர் குழுவின் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு

முதல் வேலை, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பழைய மகளிர் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரப் பெட்டி இருந்திருக்கும். தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பேரேடு, ரப்பர் ஸ்டாம்ப், மை காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு எல்லாம் அதில்தான். ஊக்குநர், அதாவது குழுவை நடத்துகிற தலைவி, மாறும்போது பெட்டியும் வீடு மாறும். சண்டை போட்டு விலகினவர் வீட்டிலேயே அது நின்றுபோயிருக்கவும் கூடும். எங்கள் பெட்டி மூன்று வீடு மாறி, கடைசியில் ஒரு மாட்டுக்கொட்டகைப் பரணில், விதைக் கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. பூட்டு தொங்கியது, சாவி இல்லை. அடித்தகரம் துருவேறி ஓட்டையாகி, கரையான் உள்ளே போய் முதல் இரண்டு நோட்டின் ஓரங்களை அரித்திருந்தது. நல்லவேளை, எழுத்து வரைக்கும் வரவில்லை.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. எட்டாவது வரைதான் படிப்பு. 1990-ல் 18 பேர் சேர்ந்து ஆரம்பித்த குழுவில் என் பெயர் பன்னிரண்டாவது. நாலு வருடம் கழித்துக் கணக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. இப்போது குழுவின் கதையை 60 பக்கத்துக்கு எழுதி, ஜெராக்ஸ் போட்டுத் தைத்திருக்கிறோம். அதற்குப் பட்ட பாட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்புகளையும் சேர்த்துத்தான்.

பெட்டி கிடைத்ததும் நோட்டுகளை அவசரப்பட்டு வெயிலில் விரிக்காதீர்கள். தாள் மொரமொரப்பாகி உடையும். நிழலில், காற்றாட, ஒரு நாள் வையுங்கள். மண்ணைத் தட்டிவிட மெல்லிய பிரஷ் போதும். பிறகு போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு நோட்டை ஆரம்பிக்கும் முன், அது எந்த நோட்டு, எந்த ஆண்டு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் 400 படம் எடுத்தேன். எது எந்த வருடத்துப் பக்கம் என்று பிரிக்கவே ஒரு வாரம் போனது. வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். நடுவில் ஏன் வெறுமையாக விட்டார்கள் என்பது பின்னால் ஒரு கேள்வியாக வரும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது

நான் முதலில் எழுதியது 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்திலிருந்து. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் என்று இரண்டு பக்கம். படித்துக் காட்டினபோது எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள்: "இதுல நம்ம எங்கக்கா இருக்கோம்?" கிழித்துப்போட்டேன். அடையாறு பெரிய கதைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் வரலாற்றை ஊரில் நிற்கிற ஏதாவது ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். எங்களுக்கு அது மாதர் சங்கக் கட்டடம்.

நிறைய ஊரில் இன்னமும் ஒரு பழைய சின்னக் கட்டடத்தை "மாதர் சங்கம்" என்றே சொல்வார்கள். உள்ளே ரேஷன் கடை நடக்கும், அல்லது அங்கன்வாடி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாகப் பரவினபோது, பெண்களோடு வேலை செய்யக் கிராம சேவிகா என்று ஒருவரைப் போட்டார்கள். தையல், புகையில்லா அடுப்பு, வீட்டுத்தோட்டம், பிள்ளை வளர்ப்பு என்று சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான். ஊர்ப் பெண்களைக் கூட்டி மாதர் சங்கம் வைத்தார்கள். அதைக் கூட்டி நடத்த ஒரு கன்வீனர். எங்கள் ஊரில் கன்வீனர் அம்மா மணியக்காரர் வீட்டுக்காரம்மா. என் மாமியார் சொன்னது: "தையல் மிஷின் அவங்க வூட்டுத் திண்ணையிலதான் இருந்துச்சு. நாங்க பாத்திருக்கோம், தொட்டதில்ல." ஐம்பது வருட மாதர் சங்கக் கதையில் முக்கால்வாசியை அந்த ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இதை எந்தப் பதிவேட்டிலும் தேடிக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

கட்டடத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு இருந்தால் படம் எடுங்கள். சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் தெரியும்.

அடுத்து, உங்கள் குழு எந்தக் காலத்து விதையில் முளைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நோட்டின் முதல் பக்கத் தேதியே பாதி சொல்லிவிடும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் வந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் முதலில் குழுக்கள் கட்டினார்கள். 1991-92-ல் சேலமும் தென்னார்க்காடும் சேர்ந்தன. 1992-93-ல் மதுரையும் ராமநாதபுரமும். அதே 1992-ல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை 500 குழுக்கள் என்ற இலக்கோடு நாடு முழுக்க ஆரம்பித்தது. 1997-98-ல் மாநில அரசின் சொந்தப் பணத்தில் மகளிர் திட்டம் வந்தபிறகு எல்லா மாவட்டமும் உள்ளே வந்தது. ஆகவே 1990-க்குப் பக்கத்தில் தொடங்கின தர்மபுரிக் குழுவும், 1999-க்குப் பிறகு தொடங்கின குழுவும் ஒன்றல்ல. முதல் வகையில், நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று எங்களுக்கும் தெரியாது, வந்த அதிகாரிக்கும் முழுசாகத் தெரியாது. இரண்டாம் வகையில் சேர்ந்தவர்கள் பலர், சுழல்நிதி (குழுவுக்குள் கடனாகக் கொடுத்துச் சுழற்றுவதற்கான பணம்) கிடைக்கும் என்று தெரிந்தே சேர்ந்தவர்கள். 1999 ஏப்ரலில் தொடங்கின பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில், ஆறு மாதம் நடந்து தரம்பிரிப்பில் தேறின குழுவுக்கு 25,000 ரூபாய் சுழல்நிதி கிடைத்தது. அதில் 10,000 மானியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதை மறைத்து எழுதினால், பின்னால் ஏன் பிரிந்தார்கள் என்பது விளங்காமல் போகும்.

மாவட்டப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஓசூர்ப் பக்கத்துக் குழுவின் பழைய காகிதத்தில் தர்மபுரி முத்திரைதான் இருக்கும். நாமக்கல் ஊர்களுக்கு 1997-க்கு முன் சேலம். விழுப்புரத்துக்கு 1993-க்கு முன் தென்னார்க்காடு. பழைய கோப்பைத் தேடி இன்றைய மாவட்ட அலுவலகத்தில் மட்டும் நின்றால் இல்லையென்று அனுப்பிவிடுவார்கள்.

தீர்மான நோட்டை நம்பாதீர்கள், கணக்கைப் படியுங்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தீர்மான நோட்டைத் திறந்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். பத்து மாதத்தைப் படித்ததும் தெரியும், ஒன்றுமே இல்லை என்று. "ஊக்குநர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது. சேமிப்பு வசூல் செய்யப்பட்டது. நன்றியுரையுடன் இனிதே முடிவுற்றது." மாதாமாதம் இதே. அன்றைக்கு இரண்டு பேர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நோட்டில் இனிதே முடிந்திருக்கும்.

கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். எங்கள் குழுவின் முதல் மூன்று வருட நோட்டை எழுதியது அப்போதைய ஊக்குநரின் மகன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். பெண்கள் பேசினதில் அவனுக்குப் புரிந்ததை, அவன் பள்ளிக்கூடத் தமிழில் எழுதினான். அந்தப் பக்கங்களை எடுத்துப்போட்டு "பெண்கள் இவ்வாறு தீர்மானித்தனர்" என்று எழுதினால் அது பாதி பொய்.

வருகைப் பதிவேடு அப்படி இல்லை. முதல் பக்கத்தில் 18 பேரில் 13 கைநாட்டு. ஊதா மை, சிலது வழிந்திருக்கும். ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் கைநாட்டு நின்று, கோணலாக, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு கையெழுத்து வரும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் வாழ்க்கையில் அது எந்த நாள் என்று காட்டுகிற காகிதம் வேறு எதுவும் கிடையாது. எங்கள் குழுவில் கடைசிக் கைநாட்டு 1997 தையில் நின்றது. அந்த ஆயா இப்போது இல்லை. அவருடைய பேத்திக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அதே பதிவேட்டில் வராதவர்களையும் எண்ணுங்கள். எங்கள் ஊரில் மாசி முதல் வைகாசி வரை ஆள் பாதியாகிவிடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். எந்த வருடம் எத்தனை பேர் போனார்கள், எந்த வருடம் மழை பெய்து ஊரிலேயே நின்றார்கள் என்பதையெல்லாம் காலிக் கட்டங்களே சொல்கின்றன.

அப்புறம் கடன். ரொக்கப் புத்தகத்தில் தேதி, பெயர், தொகை, கடன் நோக்கம் என்று இருக்கும். மாதம் 10 ரூபாய் சேமித்து, சேர்ந்ததை எங்களுக்குள்ளேயே நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்குக் கொடுத்தோம். வெளியே அப்போது அஞ்சு வட்டி, அவசரம் என்றால் பத்து வட்டி. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழு எவ்வளவு பணத்தை ஊருக்குள் நிறுத்தி வைத்தது என்பது பிடிபடும்.

ஆனால் "நோக்கம்" என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஐந்து வருடத்தில் ஆடு, மாடு என்று 41 கடன் எங்கள் நோட்டில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தால் வந்த உருப்படி ஒன்பதுதான். 1993-ல் 700 ரூபாய் "ஆடு வாங்க" என்று எடுத்த அக்கா வாழ்நாளில் ஆடே வளர்த்ததில்லை. அடகுக் கடையில் கிடந்த தோட்டை மீட்க எடுத்தது. ஏன் ஆடு என்று எழுதினோம்? தொழில் கடனென்றால் பார்வையிட வருகிறவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். பிரசவம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட நோட்டு, அடகு என்று எழுதினால் "செலவினக் கடன்" என்று முகம் சுளிப்பார்கள். அந்தப் பொய்யை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எழுதும்போது உறுத்தலே இல்லை. இப்போதும் பெரிதாக இல்லை.

அதனால் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, இடதுபக்கம் நோட்டில் இருக்கிற நோக்கம், வலதுபக்கம் அவரவர் சொல்கிற நோக்கம் என்று நிரப்புங்கள். வலதுபக்கம் நிரம்ப நிரம்பத்தான் குழு எதற்காக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் 60 பக்கத்தில் 25 பக்கம் இந்தப் பட்டியலும் அதன் கதைகளும்தான்.

கேட்கிற விதம்

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். அஞ்சு பேர் அஞ்சு வருடம் சொல்வார்கள். "அப்ப உங்க பெரிய பொண்ணு எத்தனாவது படிச்சா?", "எம்ஜிஆர் செத்ததுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேளுங்கள். 1987 டிசம்பர் எம்ஜிஆர், 1991 மே ராஜீவ் காந்தி, 2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமார் கடத்தல், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிப் பக்கம் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டது, 2006-க்குப் பின் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி. இப்படி ஒரு கயிறு வைத்துக்கொண்டால் அதில் முடிச்சுப் போடலாம். உங்கள் பக்கத்துக் கயிறு வேறாக இருக்கும். கடலோரம் என்றால் 2004 சுனாமி.

வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டால், திண்ணையில் இருக்கிற வீட்டுக்காரர் பதில் சொல்வார். நான் புளி தட்டுகிற பருவத்தில் போனேன். கொட்டை எடுக்க உட்கார்ந்தால் கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. நீங்களும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் கணக்கெடுக்க வந்தவள் மாதிரி பார்ப்பார்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் திருத்துவார். மூன்று பேர் வேண்டாம், சத்தத்தில் ஒன்றும் பதிவாகாது. போனில் பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லி, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

முதல் பக்கத்தில் இருந்த 18 பேரில் கடைசி வரை நின்றது 7 பேர். மீதி 11 பேரைத் தேடிப் போங்கள். இதை யாரும் செய்வதில்லை. விலகினவர் சொல்கிற குழுவும் நின்றவர் சொல்கிற குழுவும் வேறு வேறாக இருக்கும். ஊர்த்தெருவுக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று இருந்திருந்தால், ஏன் ஒன்றாக இல்லை என்று இரண்டு பக்கமும் கேட்டு எழுதுங்கள். எங்கள் முதல் பிரதியில் காலனிக் குழுவைப் பற்றி ஒரு பத்திதான் இருந்தது. அந்தக் குழுவின் பிரதிநிதி படித்துவிட்டு, "எங்களுது உங்களுதுக்கு நாலு மாசம் முன்ன ஆரம்பிச்சது, தெரியுமா?" என்று நோட்டை எடுத்து வந்து காட்டினார். உண்மைதான். முதல் குழு எங்களுடையது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சிக்கல்: "குழு" என்ற சொல்லே மாறிவிட்டது. சின்ன வயதுப் பெண்கள் "குழுக்குக் கட்டணும்" என்றால் பெரும்பாலும் வாரம் வாரம் வசூலுக்கு வருகிற தனியார் கடன் கம்பெனியைச் சொல்கிறார்கள். நாங்கள் சேர்த்த பணத்தை நாங்களே கொடுத்து வாங்கினது வேறு, இது வேறு. பேட்டியில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எந்தக் குழு என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். நான் ஒரு முழுப் பேட்டியைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதி, பிறகு அழித்தேன்.

பதிவை நிறுத்த வேண்டிய இடமும் வரும். எங்கள் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். வேண்டாமென்று நினைக்கிற பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் எங்களுக்கும் கொண்டுவந்தார்கள். குழுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார்களா என்று ஒரு ஆயாவிடம் கேட்டேன். புளியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அத அமத்து கண்ணு" என்றார். அமர்த்தினேன். அவர் சொன்னதில் ஒரே ஒரு வரி, பெயர் இல்லாமல், அவரிடம் படித்துக்காட்டின பிறகுதான் புத்தகத்துக்கு வந்தது.

வெளியே தேட வேண்டிய காகிதம்

வங்கிப் பாஸ்புக்கைத் தேடுங்கள். தர்மபுரித் திட்டத்தில் கூட இருந்தது இந்தியன் வங்கி. ஆகவே பழைய பாஸ்புக் பெரும்பாலும் அங்கேயுள்ளதாக இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கிராம சபைத் தீர்மானப் புத்தகம் இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளைப் புரட்டினால், குழுப் பெண்கள் தண்ணீர் கேட்டும் சாராயக் கடையை எதிர்த்தும் மனு கொடுத்தது கிடைக்கலாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். "எல்லா விவரமும் தரவும்" என்று கேட்காதீர்கள். இந்த ஊராட்சியில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை பதிவான குழுக்களின் பெயரும் தேதியும் என்று ஒன்றைக் கேளுங்கள்.

1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலை மறக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று நடந்த முதல் தேர்தல். எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் வார்டு உறுப்பினர் ஆனார்கள். ஒருத்தருக்குப் பதில் அவர் கணவர்தான் கூட்டத்துக்குப் போனார். அதையும் எழுதினோம், அந்த அக்காவின் ஒப்புதலோடு. அவரே சிரித்துக்கொண்டு, "எழுது, ரெண்டாவது வாட்டி நான்தான போனேன்" என்றார்.

சண்டையை எப்படி எழுதுவது

எல்லாக் குழுவிலும் ஒரு பணச் சண்டை இருக்கும். எங்களுடையது 4,300 ரூபாய். இருப்பில் வரவேண்டியது வரவில்லை. ஒரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள் என்றது, இன்னொரு பக்கம் கூட்டல் தப்பு என்றது. நான் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், பெயர் போடாமல். நோட்டில் அந்த மாதத்துக் கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2,900 உண்மையிலேயே கூட்டல் தப்பு. நான் போட்ட கூட்டல். மீதி 1,400 என்ன ஆனது என்று இன்னும் தெரியவில்லை. அதை அப்படியே அச்சில் விட்டிருக்கிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கூட்டம் போட்டு முழுசாகச் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பிரதியைக் கொடுத்துத் திருத்தம் கேட்பது நியாயமில்லை. எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. 37 திருத்தம் வந்தது. பாதி உறவுமுறைத் திருத்தம், யார் யாருக்கு நாத்தனார் என்று. ஆடு அக்கா எழுந்து, தோட்டு விஷயத்தில் தன் பெயரைப் போடலாம் என்றார். "ஆனா கம்மல்னு போடு, தோடு இல்ல" என்றார். மாற்றினோம். மேலே நான் தோடு என்றே எழுதிவிட்டேன், பழக்கதோஷம்.

25 பிரதி போட்டோம். உறுப்பினர்களுக்கும் விலகினவர்களுக்கும் ஆளுக்கொன்று, காலனிக் குழுவுக்கு இரண்டு, பள்ளிக்கூடத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் ஒவ்வொன்று, மூன்று கையிருப்பு. பெட்டிக்கு அடியில் புதுத் தகரம் வைத்து ஈயப்பற்று வைத்தாகிவிட்டது. உள்ளே காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று ஊக்குநரிடம். இன்னொன்றைப் பொறுப்பில் இல்லாத ஒருத்தரிடம் கொடுத்து, யாரிடம் இருக்கிறது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.